கருப்பைக்குள் விழும் தழும்பு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'எல்லோரும் குடும்பத்தோடு வர்றாங்க, தமிழிலேயே பேசுங்க மேடம்' என்று செயலாளர் சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் வசதி. என் நோயாளிகள் தமிழில்தான் அழுகிறார்கள், தமிழில்தான் சண்டை போடுகிறார்கள்.

'மூணாம் மாசம் கலைஞ்சிருச்சு டாக்டர். கிளீன் பண்ணிட்டாங்க.' மகப்பேறு மருத்துவம் பார்க்கும் யாரும் இந்த வாக்கியத்தை வாரத்துக்கு நாலு தரமாவது கேட்டிருப்பீர்கள். நாம் டி அண்ட் சி என்கிறோம். ஜனங்கள் கிளீன் என்கிறார்கள். இந்த 'கிளீன்' என்ற சொல்லின்மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கோபம். உள்ளே அழுக்கு இருக்கிறது, நன்றாகத் தேய்த்தால்தான் போகும் என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது. மாமியார்மார் மட்டுமில்லை, சில டாக்டர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

மருத்துவம் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். கருப்பையின் உட்பூச்சு இரண்டு அடுக்கு. மேலடுக்கு மாதாமாதம் உதிர்ந்து வெளியேறுகிறது. அடியடுக்கிலிருந்து அது மறுபடி வளர்கிறது. கரும்பை வெட்டினால் கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்ப்பதுபோல. கட்டையையே தோண்டி எடுத்துவிட்டால் எங்கிருந்து துளிர்க்கும்? அந்த இடத்தில் தழும்புதான் விழும். கருப்பை ஊதிய பலூன் மாதிரி இருக்காது. முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் புண்ணானால் ஒட்டிக்கொள்ளும்.

கர்ப்பம் தரித்த கருப்பை மெத்தென்று இருக்கும். அதில் இரும்புக் க்யூரெட் எளிதாக ஆழமாக இறங்கிவிடும். பிரசவமான சில வாரங்களில் ஈஸ்ட்ரோஜனும் குறைந்திருக்கும், புண் ஆறி உட்பூச்சு வளர நேரமாகும். அந்தச் சமயத்தில் சுரண்டுவதுதான் மிகவும் ஆபத்து. 'கரகரவென்று கைக்குத் தெரியும்வரை சுரண்டு' என்பது பழைய பாடம். அந்தக் கரகரப்பு வந்துவிட்டது என்றால் அடியடுக்கு போய்விட்டது என்று அர்த்தம். மாணவர்களே, இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

இது புதிய செய்தி இல்லை. ஜெர்மனியில் ஹைன்ரிஷ் ஃப்ரிட்ஷ் 1894-லேயே இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1948-இல் ஜோசப் ஆஷர்மன் 29 பெண்களைப் பற்றி எழுதினார். அவர் பெயர்தான் நோய்க்கு நிலைத்தது. கருச்சிதைவுக்குப் பிறகு உள்ளே பார்த்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2014-இல் கணக்கிட்டபோது, ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு ஒட்டல் இருந்தது. பாதிக்கு மேல் லேசானவை, பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு மூன்று முறை சுரண்டியவர்களுக்கு ஆபத்து கூடிக்கொண்டே போகிறது.

இந்த ஒட்டல் ஒரு பெண்ணை என்ன செய்கிறது என்று சொல்கிறேன். 29 வயது. ஒரு கருச்சிதைவுக்கு இரண்டு முறை கிளீன் பண்ணியிருக்கிறார்கள். 'மிச்சம் இருக்குன்னு மறுபடியும் கூப்பிட்டாங்க' என்றாள். அதன்பின் தீட்டு ஒரு நாள், அதுவும் சொட்டு. 'தொல்லை விட்டுச்சுன்னு சந்தோஷப்படு' என்றார்களாம் வீட்டில். இரண்டு வருஷம் ஹார்மோன் டெஸ்ட் எடுத்தே கழிந்திருக்கிறது. எல்லாம் நார்மல். நார்மலாகத்தான் இருக்கும், குறை சினைப்பையில் இல்லையே! ஹிஸ்டரோஸ்கோப் விட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு விரல் அகல இடம்தான் இருந்தது. பிரித்துவிட்டோம், ஒட்டிக்கொண்டது. மறுபடி பிரித்தோம். அப்புறம் கருத்தரித்தாள். பிரசவத்தில் நஞ்சு கருப்பையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இந்த நோயில் அதுவும் நடக்கக்கூடியது என்பதால் ரத்தத்தைத் தயாராக வைத்திருந்தோம். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அவள் பட்ட பாடு தேவையில்லாத பாடு.

தடுப்பது எப்படி? முதல் வழி, சுரண்டாமல் இருப்பது. சிதைந்த கரு பலருக்குத் தானாகவே வெளியேறிவிடும். இல்லையென்றால் மிசோபிராஸ்டால் மாத்திரை இருக்கிறது. அதுவும் போதாது என்றால் பிளாஸ்டிக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கலாம். இரும்பால் சுரண்டும் முறை வழக்கொழிந்தது, அதைக் கைவிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. ஆனால் ரத்தம் கொட்டும்போதோ காய்ச்சல் அடிக்கும்போதோ 'தழும்பு விழும்' என்று காத்திருக்கக் கூடாது. அங்கே உயிர்தான் முதலில். அப்போதும் உறிஞ்சியே எடுக்கலாம். பிரசவத்துக்குப்பின் நஞ்சுத் துண்டு தங்கியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு சுரண்டாமல் உள்ளே பார்த்து அந்தத் துண்டை மட்டும் எடுப்பது நல்லது.

ஃபைப்ராய்டு கட்டியை உள்வழியாக எடுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 2000-இல் வந்த ஓர் ஆய்வில், பாலிப் எடுத்தவர்களில் மிகச் சிலருக்கே ஒட்டியது. ஒரு கட்டி எடுத்தவர்களில் 31 சதவீதம், பல கட்டி எடுத்தவர்களில் 45 சதவீதம் பேருக்கு ஒட்டியது. எதிரெதிர்ச் சுவர்களில் கட்டி இருந்தால் இரண்டையும் ஒரே அமர்வில் எடுக்க அவசரப்படாதீர்கள். முடிந்த இடத்தில் மின்சாரத்தைவிடக் கத்திரியே மேல்.

ஜெல், பலூன், காப்பர்-டி, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை என்று பல இருக்கின்றன. ஹையலூரானிக் ஜெல்லை நெதர்லாந்தில், ஏற்கெனவே ஒருமுறை சுரண்டப்பட்டு மறுபடியும் சுரண்டப்பட்ட பெண்களிடம் பரிசோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். ஜெல் வைக்காதவர்களில் 30.6 சதவீதம் ஒட்டல், வைத்தவர்களில் 13 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் பெண் கேட்பது பிள்ளை. ஜெல்லால் பிள்ளைப்பேறு கூடுகிறது என்று அடித்துச் சொல்லும் ஆதாரம் இன்னும் போதாது. ஜெல் கையில் இருக்கிறதே என்று சுரண்டுகிறவர் குடை இருக்கிறதே என்று புயலில் கிளம்புகிறவர்.

எனக்கு அதைவிட நம்பிக்கை, ஆபரேஷனான ஓரிரு வாரத்தில் மறுபடி ஒருமுறை உள்ளே பார்ப்பதில். அப்போது ஒட்டல் சிலந்தி நூலாம்படை மாதிரி இருக்கும். குழாயின் நுனி பட்டாலே விலகும். நாலைந்து மாதம் விட்டால் தோல் மாதிரி தடித்துவிடும். எல்லோருக்கும் இது தேவையில்லை. பெரிய கட்டி எடுத்தவர்கள், ஒட்டலைப் பிரித்தவர்கள், இவர்களுக்குச் செய்யுங்கள்.

நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காசநோயும் கருப்பைக்குள் இதே வேலையைச் செய்யும். யாரும் சுரண்டாமலேயே ஒட்டியிருந்தால் திசுவை டி.பி.க்கு அனுப்புங்கள்.

இங்கே வந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கிளீன் பண்ணி ஆறு முதல் எட்டு வாரமாகியும் தீட்டு வரவில்லை என்றாலோ, முன்னைவிட ரொம்பக் குறைந்துவிட்டாலோ, மாதாமாதம் வயிறு மட்டும் வலித்து ரத்தம் வராமல் இருந்தாலோ டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். 'நல்லதுக்குத்தான்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சீட்டில் 'டி அண்ட் சி செய்யப்பட்டது' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். எத்தனையாவது வாரம், உறிஞ்சினீர்களா சுரண்டினீர்களா, இது எத்தனாவது தடவை, எழுதுங்கள். கையெழுத்தும் புரியும்படி இருக்கட்டும். சீட்டே இல்லாமல் வருகிற பெண்ணிடம் 'என்ன பண்ணினாங்க?' என்று கேட்டால், 'கிளீன் பண்ணினாங்க' என்றுதான் சொல்வாள். அவளுக்கு வேறென்ன தெரியும்?

சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வந்துவிட்டது, செயலாளரும் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகளைப் பந்தியில் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.