கருவி நின்றால்

கருவிகள் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் நாம் அவற்றை நினைப்பதில்லை. சாவியைத் திருப்பினால் கார் புறப்படுகிறது. கைப்பேசியைத் தொட்டால் தொலைவில் இருப்பவர் குரல் காதில் விழுகிறது. கதிரவன் எழுவதுபோல இவையும் தாமே நிகழ்வன என்று எண்ணப் பழகிவிட்டோம். ஒரு நாள் அவை நின்றுவிடும்போதுதான், ‘இஃது எவ்வாறு இயங்குகிறது?’ என்னும் வினா பிறக்கிறது. அவ்வினாவை எரிச்சலோடு தள்ளிவிடுவோர் பலர். நின்று விடை தேடுவோர் சிலர். மாணவச் செல்வர்களே! நீங்கள் அச்சிலருள் சேர வேண்டும் என்பதே என் விருப்பம். அதன் பயனை விளக்க என் வாழ்வில் கழிந்த ஒரே ஒரு வாரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

நான் கும்பகோணத்தில் வாழ்பவன். ஓய்வு பெற்றவனுக்கு வேலை என்ன என்று கேட்பீர்கள். அந்த வாரத்தில் திங்களன்று ஒரு பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு நடுவராக இருக்க வேண்டும். வெள்ளியன்று, திருவிடைமருதூரில் தனியே வாழும் என் அக்காவைக் கண்புரை அறுவைக்காகத் தஞ்சாவூருக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அக்காவுக்கு எழுபத்து நான்கு வயது. ஒரு கண்ணில் பார்வை முன்பே குன்றியவர். மற்றொரு கண்ணையும் புரை மூடத் தொடங்கியிருந்தது. சனியன்று பழைய மாணவர் ஒருவரின் மகளுக்குத் திருமணம். இத்தனைக்கும் என் துணை ஒரு காரும் ஒரு கைப்பேசியும்தாம்.

திங்கட்கிழமை காலையில் கார் புறப்பட மறுத்தது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஓர் ஒலி, அவ்வளவே. தெருவில் நால்வர் கூடினர். ஒருவர் பெட்ரோல் அடைப்பு என்றார். மற்றொருவர் பாட்டரியின் ஆயுள் முடிந்தது, புதிது வாங்கிவிடுங்கள் என்றார். விளக்கு நன்றாக எரிகிறதே, ஆரன் ஒலிக்கிறதே, பின் பாட்டரி எப்படிச் செத்ததாகும் என்னும் ஐயம் எனக்கு. அதற்குள் மெக்கானிக் வந்து சேர்ந்தார். முப்பது வயதுக்கு உட்பட்ட இளைஞர். முன்மூடியைத் திறந்து, எதையும் தொடாமல் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, “ஐயா, பாட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் பிடிதான் கெட்டிருக்கிறது” என்றார்.

பாட்டரியின் முனைகளில் வெண்மையும் பச்சையும் கலந்த ஒரு பொடி பூத்திருந்தது. பாட்டரிக்குள் இருக்கும் கந்தக அமிலத்தின் ஆவி சிறிது சிறிதாக வெளிப்பட்டு உலோகத்தை அரிப்பதால் விளைவது அது. கம்பியைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக மாட்டி, மேலே சிறிது வாசலின் தடவினார். வண்டி முதல் திருப்பிலேயே புறப்பட்டது. பத்து மணிப் போட்டிக்கு நான் தவறாமல் சென்று சேர்ந்தேன்.

விளக்கை எரித்த மின்சாரம் எஞ்சினை ஏன் சுழற்றவில்லை? பத்தாம் வகுப்பில் நீங்கள் படிக்கும் ஓம் விதியிலேயே விடை இருக்கிறது. காரின் பாட்டரி ஏறத்தாழ 12 வோல்ட் அழுத்தம் உடையது. அரித்த முனையில் 0.05 ஓம் தடை இருப்பதாகக் கணக்குக்குக் கொள்வோம். சிறு விளக்குகளுக்கு 5 ஆம்பியர் மின்னோட்டம் போதும். அப்போது முனையில் இழக்கப்படுவது கால் வோல்ட்டே. விளக்கின் ஒளி குறைவது கண்ணுக்கே தெரியாது. எஞ்சினைச் சுழற்றும் மோட்டாருக்கோ 100 ஆம்பியருக்கு மேலும் வேண்டும். 100 ஆம்பியர் ஓட முயன்றால் அதே முனையில் 5 வோல்ட் போய்விடுகிறது. எஞ்சியதைக் கொண்டு மோட்டார் எப்படிச் சுழலும்? தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண்ணுக்காக எழுதி மறக்கும் விதி, தெருவோரத்தில் ஆயிரக்கணக்கான ரூபாய்ச் செலவை மிச்சப்படுத்தி நிற்பதைக் காண்கிறீர்கள் அல்லவா?

செவ்வாய் இரவு கைப்பேசியின் முறை. மின்னேற்றியில் மாட்டியும் அதில் மின்னேறவில்லை. புதனன்று காலையில் அது முற்றும் அணைந்தது. பழுது நீக்கும் கடையில், உள்தகடு கெட்டிருக்கும், நான்கு நாள் விட்டுச் செல்லுங்கள் என்றார்கள். நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

அன்று நண்பகலில் அடுத்த வீட்டு அம்மையார் தம் கைப்பேசியுடன் விரைந்து வந்தார். “உங்கள் அக்கா பேசுகிறார்கள்” என்று நீட்டினார். மருத்துவமனையில் அறுவையை ஒரு நாள் முன்னதாக, வியாழனுக்கு மாற்றியிருக்கிறார்கள். என் எண் கிடைக்காமற்போகவே, பதிவேட்டில் இரண்டாவதாக இருந்த அக்காவின் எண்ணுக்குச் செய்தி சென்றிருக்கிறது. அன்று மாலைக்குள் ஒப்புதல் சொல்லாவிட்டால் அடுத்த மாதந்தான் நாள் கிடைக்கும். அக்காவும் என்னைப் பலமுறை அழைத்துப் பார்த்துப் பயனின்றிப் போகவே, என் அடுத்த வீட்டு எண்ணை அழைத்திருக்கிறார்.

அந்த எண் அக்காவுக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? அவர் வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில், கண் மங்குமுன்னரே, பெரிய பெரிய எழுத்துகளாகப் பென்சிலால் பதினைந்து எண்களை எழுதி வைத்திருக்கிறார். “கருவி என்றால் நிற்கத்தான் செய்யும்; சுவர் நிற்குமா?” என்பது அவர் வாதம். நம்மில் எத்தனை பேருக்குத் தாய் தந்தையரின் எண்ணாவது மனப்பாடம்? ஆயிரம் எண்களைக் கைப்பேசி நினைவில் வைத்திருக்கிறது. அஃது அணைந்தால் ஆயிரமும் ஒருங்கே மறைகின்றன.

மாலையில் கைப்பேசியை ஆராய அமர்ந்தேன். முதலில் மின்னேற்றியை மருமகளின் கைப்பேசியில் மாட்டினேன்; மின்னேறியது. எனவே மின்னேற்றியிலும் கம்பியிலும் பழுதில்லை. அடுத்து ஒன்றைக் கவனித்தேன். அவர் கைப்பேசியில் செருகி முழுவதும் உள்ளே சென்று அமர்கிறது. என்னுடையதில் ஒரு நெல்மணி அளவு வெளியே நிற்கிறது. துளையில் விளக்கொளி பாய்ச்சி, உருப்பெருக்கியால் நோக்கினேன். சட்டைப்பையின் நூற்பஞ்சு நாள்தோறும் சேர்ந்து, செருகியால் அழுத்துண்டு, உள்ளே கெட்டியாகப் படிந்திருந்தது. உலோக ஊசி உள்முனைகளைக் கெடுத்துவிடும். ஆதலின் மெல்லிய மரக்குச்சியால் மெதுவாக நீக்கினேன். செருகி அமர்ந்தது, மின் ஏறியது.

வியாழன் விடியலில் காரின் ஒரு சக்கரம் காற்றிழந்து நின்றது. உதிரிச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு அரைமணி நேரத்தில் புறப்பட்டோம். பின்னர் டயர்க்கடையில் சோப்பு நீர் தடவியபோது, குமிழி எழுந்த இடத்தில் ஓர் ஆணியின் தலை தெரிந்தது. குத்திய ஆணியே துளையை ஓரளவு அடைத்திருந்ததால் காற்று மெல்ல மெல்லக் கசிந்திருக்கிறது.

அறுவை நன்றே முடிந்தது. மறுநாள் கட்டை அவிழ்த்ததும், எதிரே இருந்த சுவர்க் கடிகாரத்தின் மணியை அக்கா தாமே படித்துச் சொன்னார்.

இம்மூன்று பழுதுகளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பாட்டரி கெடவில்லை, கைப்பேசி கெடவில்லை, டயரும் கெடவில்லை. சிறிது பொடி, சிறிது பஞ்சு, ஓர் ஆணி. இவையே ஒரு வாரத்தைக் கலைக்கப் போதுமானவையாயின. பழுது தேடும் முறையும் மூன்றிலும் ஒன்றே. எது இயங்குகிறது, எது இயங்கவில்லை என்று முதலில் பிரித்தறிய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவதையும் செலவில்லாததையும் முன்னர்ச் சோதித்த பின்னரே பெருஞ்செலவுக்குத் துணிய வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அறிவியலார் கையாளும் முறையும் இதுவேயாகும்.

எல்லையறிதலும் அறிவின் ஒரு பகுதியே. கைப்பேசியின் மின்கலம் உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும். காரின் பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். இன்றைய கார்களில் அம்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது. நேர்முனையை முதலில் கழற்ற முற்பட்டு, கையிலுள்ள இரும்புத் திருகி வண்டியின் உடலில் பட்டால் பெருந்தீப்பொறி எழும்.

1859-இல் பிரான்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே, மீண்டும் மீண்டும் மின்னேற்றத் தக்க ஈய-அமில மின்கலத்தை அமைத்தார். நம் கார்களில் இன்றும் உழைப்பது பெரும்பாலும் அதன் வழிவந்ததே. கைப்பேசிக்கு உயிர் தரும் லித்தியம் அயனி மின்கலத்துக்காக 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் ஜான் குட்இனஃப். அப்போது அவருக்கு வயது 97. ‘இஃது எவ்வாறு இயங்குகிறது?’ என்னும் வினாவுக்கு ஓய்வு பெறும் வயது கிடையாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

உங்கள் கையில் இருக்கும் கருவியும் ஒரு நாள் நிற்கும். அப்போது வருந்தாமல் அதனருகே அமர்ந்து பாருங்கள். பழுது நீக்க வருபவர் அழுக்குச் சட்டை அணிந்திருப்பினும் ஆசிரியராக மதித்து, அவர் செய்வதைக் கூர்ந்து நோக்கி, ஏன் என்று கேளுங்கள். இன்றிரவே ஐந்து எண்களைத் தாளில் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.