நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒரு குரல்

சேரன்மகாதேவியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியில், கன்னடியன் கால் பாயும் வயல்களை ஒட்டி இருக்கிறது காருக்குறிச்சி. மண்பானைக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்ப் பெயரோடு சேர்த்தே நாம் சொல்லிப் பழகிய நாகசுர மேதை அருணாசலம் வாசிக்க, எஸ். ஜானகி பாடிய ‘சிங்கார வேலனே தேவா’ 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் வந்தது. ஒரு இசைத்தட்டு எப்படி ஊரெல்லாம் ஒலிக்கும் தட்டாகிறது என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இசைத்தட்டு என்றால் கச்சேரியின் நகல் என்றே பலரும் நினைக்கிறோம். அது நகல் இல்லை என்பதுதான் என் கட்சி. நாகசுரம் வெட்டவெளி வாத்தியம். நெல்லையப்பர் கோயில் ரதவீதியில் சாமி புறப்பாட்டுக்கு வாசித்தால் அடுத்த தெருக்காரர் செருப்பைத் தேடுவார். மைக் இல்லாமல் அதன் பக்கத்தில் நின்று ஒருவர் பாடினால் உதடு அசைவதுதான் தெரியும். ஆனால் இந்தப் பாட்டில் இரண்டும் சரிக்குச் சரியாக உட்கார்ந்து பேசிக்கொள்கின்றன. ஆபேரி ராகத்தில் நாகசுரம் ஒரு பிடியைப் போடுகிறது. குரல் அதையே வாங்கித் திருப்பித் தருகிறது. ஸ்வரங்கள் விரைந்து வரும் இடத்தில் எது சீவாளி, எது தொண்டை என்று ஒரு கணம் நமக்கே தடுமாற்றம். இந்தச் சந்திப்பு கோயில் வாசலில் நடக்காது, கல்யாணப் பந்தலிலும் நடக்காது. மைக்கும் ஒலிப்பதிவாளரின் கையும் சேர்ந்தால்தான் நடக்கும். அதை நடத்தி வைத்த இசையமைப்பாளர் எஸ். எம். சுப்பையா நாயுடு கடையநல்லூரில் பிறந்தவர். நாகசுரத்தின் சத்தம் எவ்வளவு என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை!

கடல் கடந்தும் இதே கதைதான். 1954 ஜூலையில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் சாம் பிலிப்ஸ் என்பவர் தம் சின்னஞ்சிறு சன் ஸ்டூடியோவில் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டைப் பதிந்தார். இரண்டு கிதார், ஒரு பெரிய பாஸ், அவ்வளவுதான், டிரம்கூடக் கிடையாது. பிலிப்ஸிடம் இருந்த உத்தி, இரண்டு டேப் இயந்திரங்களைக் கொண்டு குரலை இமைப்பொழுது தாமதித்து மறுபடி கலப்பது. அந்த எதிரொலி எந்த மேடையிலும் கிடைக்காத ஒன்று. ராக் அண்டு ரோல் என்று உலகம் ஆடிய ஆட்டத்தில் பாதி இப்படி அறைக்குள் சமைத்த ஒலிதான்.

அப்படியானால் இது வெறும் இயந்திர வித்தைதானே என்று சங்கீதம் அறிந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இயந்திரம் சத்தத்தைக் குறைக்கும், கூட்டும், பக்கத்தில் உட்கார வைக்கும். கமகத்தை அது போட்டுத் தராது. டி. என். ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்ற விரல்கள் அருணாசலத்துடையவை. ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பழகியவர் சில நொடிகளுக்குள் அதன் முகத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கிறாரே, அது விரிப்பதைவிடக் கடினம் என்று சொல்வேன். ஒரு பக்கம் 3 நிமிடம் சொச்சமே ஓடிய அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டுகள் வித்துவான்களுக்குப் பழக்கிவிட்ட சிக்கனம் அது.

இன்னொரு ஆட்சேபம்: சினிமாதானே பாட்டை ஓட வைத்தது, படத்தில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் இருந்தார்களே? இருந்தார்கள். அவர்கள் நடித்த படங்களில் நினைவில் தங்காமல் போன பாட்டுகளும் இருக்கின்றன. வானொலிதான் காரணம் என்றால் அதுவும் பாதி உண்மை. 1962இல் திருநெல்வேலியில் வானொலி நிலையமே கிடையாது; மறு ஆண்டுதான் வந்தது. அமெரிக்காவில் பணம் வாங்கிக்கொண்டு வானொலியில் தட்டுப் போட்ட அறிவிப்பாளர்கள்மீது 1960 வாக்கில் பெரிய விசாரணையே நடந்தது. நம் நாட்டில் தலைகீழ்! 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் கிட்டத்தட்ட நிறுத்தியது. ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். 1957இல் சினிமாப் பாட்டு ஒலிபரப்பும் விவித் பாரதி வந்ததே அதனால்தான். வானொலி ஒரு பாட்டைக் காதில் போடலாம்; மறுபடி போடு என்று கேட்க வைப்பது தட்டுக்குள் இருக்கும் சரக்கு. தாமிரபரணிக் கரைக்காரர்கள் கோயிலிலும் கல்யாணத்திலும் நாகசுரம் கேட்டே வளர்ந்தவர்கள். போலியாக இருந்திருந்தால் ரேடியோ செட்டுக்காரரைக் குழாயைக் கழற்றச் சொல்லியிருப்பார்கள்.

படம் வந்து இரண்டே ஆண்டில், 1964இல், அருணாசலம் மறைந்தார். நேரம் முடிகிறது, ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை அந்தப் பாட்டு ஒலிக்கும்போது குரலைச் சற்று விட்டுவிட்டு, நாகசுரம் எந்த இடத்தில் தணிந்து வழி விடுகிறது என்று மட்டும் கவனியுங்கள்.