சுவரெழுப்புவார்க்கு நிழலுண்டா?



இத் திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களை எழுப்பியவை பைஞ்சுதை அரித்த கொத்தனார் கைகள். அக் கைகட்கோ நாட்கூலியன்றி நிலைத்த வேலையில்லை. ஆடைத்தொழில் தளரின் கட்டடமும் நிற்கும். மழை பெய்யின் அடுப்பும் அணையும். 2016 நவம்பரில் 500, 1000 உருபாத் தாள்கள் செல்லாவென்றானபோது, கூலி கிட்டாது வாடினர்.

1982இல் தமிழ்நாட்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. அதன்வழி 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. பதிந்தார்க்கே கல்வியுதவியும் ஓய்வூதியமும் கிட்டும். சாரத்தினின்று வீழ்ந்தபின் பதிவட்டை தேடிப் பயனென்ன?

ஆயின் உதவி வேறு, வேலையுறுதி வேறு. முன்னதைப் பதிந்து பெறுக. பின்னதை ஒன்றுபட்டுக் கேட்க. எழுத்தறிந்த நீவிர் ஒவ்வொருவரும் ஒரு கொத்தனாரை, ஒரு சித்தாளைப் பதிவிப்பீராக! அதுவும் தமிழ்த்தொண்டே!