அடைப்பைச் சுற்றிப் போகும் வழி

கணையத்தின் தலையிலோ இரைப்பையின் கீழ்முனையிலோ வளரும் புற்று, முன்சிறுகுடலுக்குப் போகும் வழியை நெரித்துவிடுகிறது. காலையில் குடித்த கஞ்சி மாலையில் அப்படியே வாந்தியாகத் திரும்பும். கட்டியை அகற்ற முடியாத கட்டத்தில் சிகிச்சைக்கு மிஞ்சும் வேலை, நோயாளி இருக்கும் நாள்வரை வாயால் சாப்பிட வழிசெய்வது. எத்தனை நாள் சாப்பிட்டார் என்று எண்ணிப் பார்த்தால் அறுவைச் சிகிச்சையே மேல்.

எதிரணியின் பலம் ஸ்டென்ட். எண்டோஸ்கோப் வழியாக இறக்கிய உலோக வலைக்குழாய் கட்டியின் நடுவே விரிகிறது. வயிற்றில் கத்தி படுவதில்லை. ஆனால் கட்டி சும்மா இருப்பதில்லை. வலையின் கண்களுக்குள் புகுந்து வளர்ந்து, திறந்த வழியை மறுபடி மூடுகிறது.

அறுவை நிபுணர் கட்டியோடு மல்லுக்கட்டுவதில்லை. இரைப்பையை அடைப்புக்குக் கீழே உள்ள சிறுகுடல் பகுதியோடு நேரே இணைத்து, உணவுக்கு மாற்றுப்பாதை போடுகிறார். 1881இல் வியன்னாவில் அறுவை நிபுணர் பில்ரோத்தின் உதவியாளர் ஆன்டன் வோல்ஃப்ளர் முதன்முதலில் செய்தது இது. இன்று லேப்ராஸ்கோப்பியிலும் செய்யப்படுகிறது.

நெதர்லாந்தில் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தது. மொத்தம் 39 பேர், சிறிய ஆய்வுதான். ஸ்டென்ட் வைத்தவர்கள் 5 நாளில் மென்மையான உணவுக்கு வந்தார்கள், அறுவை செய்துகொண்டவர்களுக்கு 8 நாள் ஆனது. செலவும் அறுவைக்கே கூடுதல். எதிரணி கைதட்டலாம். ஆனால் மென்மையான உணவாவது சாப்பிட்ட நாட்கள் அறுவைக்குப் பின் 72, ஸ்டென்டுக்குப் பின் 50. மறு சிகிச்சைக்குப் போனவர்கள் ஸ்டென்ட் வைத்த 21 பேரில் 7, அறுவை செய்துகொண்ட 18 பேரில் 2. மூன்று நாள் முந்தியது எங்கே, இருபத்திரண்டு நாள் கூடியது எங்கே!

எண்டோஸ்கோப்பியும் இப்போது வழிமாறிவிட்டது. அல்ட்ராசவுண்ட் துணையோடு இரைப்பைச் சுவரைத் துளைத்து, பக்கத்துக் குடலோடு இணைக்கும் முறை வந்திருக்கிறது. 97 பேரிடம் நடந்து 2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், ஆறு மாதத்துக்குள் மறு சிகிச்சை தேவைப்பட்டவர்கள் பழைய ஸ்டென்டில் 29 சதவீதம், புதிய முறையில் 4. கட்டியைக் குடைவதைவிடச் சுற்றிப்போவதே சரி என்ற அறுவையின் பாடத்தைத்தான் எதிரணி தன் கருவியால் எழுதியிருக்கிறது. ஆனால் இந்தப் புதிய முறைக்குத் தேர்ந்த கை வேண்டும்; இணைப்பு நழுவினால் சில நேரம் அறுவை அரங்கே கதி.

சில வாரங்களே எஞ்சியவருக்கும், மயக்கமருந்தைத் தாங்காத உடம்புக்கும் ஸ்டென்ட் தகும். இரண்டு மாதத்துக்கு மேல் வாழக்கூடிய, உடல் தாங்கக்கூடிய நோயாளிக்கு முதலில் அழைக்கப்பட வேண்டியவர் அறுவை நிபுணர்.