செய்தலும் செய்வித்தலும்: வணிகக் கணக்கில் ஒரு புதிய ஏடு

(எலவனாசூர்கோட்டையில் நடைபெற்ற விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 17 அன்று, தைவான் நாட்டுப் பௌ சென் குழுமத்தைச் சேர்ந்த ஹை குளோரி புட்வேர் நிறுவனம் தமிழ்நாட்டு அரசுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் தோல் அல்லாத காலணிகள் செய்யும் தொழிற்சாலை, அதில் 20,000 பேருக்கு வேலை என்பது அதன் சாரம். அதற்குரிய இடம் உளுந்தூர்ப்பேட்டைச் சிப்காட் தொழிற்பூங்கா. அங்கிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த எலவனாசூர்கோட்டைக்கு அது அடுத்த வீட்டுச் செய்தி.

அத்தகைய ஆலைக்கு உணவுக்கூடத்திற்கு அரிசியும் பருப்பும் வேண்டும், அட்டைப் பெட்டி வேண்டும், லாரி வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளர் வேண்டும். இவற்றை அளிக்க முன்வரும் சிறு வணிகரின் கையில் விலைப்புள்ளிப் படிவத்தோடு ஒரு வினாப்பட்டியலும் வந்து சேரக்கூடும். ‘மாதம் எத்தனை யூனிட் மின்சாரம்? கழிவுநீர் எங்கே செல்கிறது? பணியாளர் முன்பணம் வாங்கியுள்ளனரா? சரக்கு யாரிடம் வாங்கப்பட்டது?’ இக்கேள்விகள் ஏன் எழுந்தன, அவற்றிற்கு ஆயத்தமாவது எப்படி என்பதே இவ்வுரையின் பொருள்.

2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர் மாண்டனர். அவர்கள் தைத்த ஆடைகள் ஐரோப்பியக் கடைகளுக்குச் சென்றவை. ‘விற்றவருக்கு இதில் பொறுப்பில்லையா?’ என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல் விநியோகச் சங்கிலிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உரிய கவன ஆய்வு ஆணை 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. பின்னர் அதன் காலக்கெடுக்கள் தள்ளிவைக்கப்பட்டன. இந்தியாவில் செபி அமைப்பு, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பங்குச் சந்தை நிறுவனங்கள் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்பதை 2022-23 முதல் கட்டாயமாக்கியது. அவற்றிற்குச் சரக்கு அளிப்போரின் விவரங்களையும் சேர்க்கும் ஏற்பாடு பின்னர் அறிவிக்கப்பட்டு, 2025இல் விருப்பத்திற்குரியதாகத் தளர்த்தப்பட்டது.

எலவனாசூர்கோட்டையின் அரிசி ஆலையோ மளிகை மண்டியோ இச்சட்டங்களின் எல்லைக்குள் நேராக வருவதில்லை. ஆயினும் பெரிய நிறுவனம் தன் அறிக்கையை நிரப்பத் தனக்குக் கீழே உள்ளவரைக் கேட்கும். அவர் தமக்குக் கீழே உள்ளவரைக் கேட்பார். மேட்டில் விட்ட நீர் பள்ளத்திற்கு வருவதுபோல் கேள்வி இங்கும் வந்து நிற்கும். கெடு தள்ளிப்போவது ஆயத்தத்திற்குக் கிடைத்த அவகாசம்.

‘உரிய கவன ஆய்வு’ என்ற சொல் புதிது. அதன் பொருள் சமணக் குடும்பங்களுக்குப் புதிதன்று. தான் நேரே விளைத்த தீங்கு, பிறர் விளைக்கத் தான் துணைபோன தீங்கு, தன் வணிக உறவின் வழியே தன்னோடு தொடர்புற்ற தீங்கு என நிறுவனத்தின் பொறுப்பைப் பன்னாட்டு நெறிமுறைகள் மூன்றாகப் பிரிக்கின்றன. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் வினை வந்து சேரும் வழியைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றாக வகுக்கிறது. எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என்னும் நிலைகள் மூன்று. மனம், சொல், உடல் மூன்று. செய்தல் முதலியவை மூன்று. கோபம், மானம், மாயை, லோபம் நான்கு. இவற்றைப் பெருக்க வருவது 108. செபமாலையின் மணிகளை எண்ணும் விரல்கள் இக்கணக்கை அறிந்தவை. ‘ஒப்பந்தக்காரர் செய்தார், எனக்குத் தெரியாது’ என்ற விடையை ஆகமமும் ஏற்கவில்லை. இப்போது சட்டமும் ஏற்க மறுக்கிறது.

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களின் அதிசாரங்களை நினைவுகூர்ந்தால் ஒப்புமை இன்னும் தெளிவாகும். கொல்லாமை விரதத்திற்குக் கட்டுதல், அடித்தல், உறுப்புச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் ஆகியன குற்றங்கள். இவை கால்நடையை மனத்திற்கொண்டு சொல்லப்பட்டன என்று கருதி ஒதுக்குவது வழக்கம். முன்பணத்தால் ஒரு குடும்பத்தைப் பிணைப்பது கட்டுதல் ஆகாதா? நூறு கிலோ மூட்டையை நாள் முழுதும் சுமக்கச் செய்வது அதிபாரம் ஆகாதா? கொதிகலன் அருகே நிற்பவருக்குக் குடிநீரும் ஓய்வும் இல்லாதது தடுத்தல் ஆகாதா? கள்ளாமை விரதத்திற்குத் திருட்டுப் பொருளை வாங்குதல், அளவையில் ஏமாற்றுதல், கலப்படம் செய்தல் குற்றங்கள். வாய்மை விரதத்திற்குப் பொய் ஆவணம் எழுதுதல் குற்றம். பெரிய நிறுவனங்களின் வினாப்பட்டியல் பெரும்பாலும் இவ்வைந்தாறு தலைப்புகளையே சுற்றி வருகிறது.

இனி நடைமுறைக்கு வரலாம். இவ்வட்டாரத்துப் புழுங்கலரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொண்டால், அதற்கு நான்கு ஏடுகள் போதும்.

முதலாவது எரிபொருள் ஏடு. மின்வாரிய ரசீதுகளையும் டீசல் ரசீதுகளையும் மாதவாரியாகச் சேர்க்க வேண்டும். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்றும், ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ என்றும் கணக்கிடுவர். மாதம் 10,000 யூனிட் செலவிடும் ஆலை மின்சாரத்தால் மட்டும் 7 டன்னுக்குப் பொறுப்பாகிறது. உமியை எரிப்பதால் எழும் வாயு தனியே காட்டப்படும். உமித் தூசியும் சாம்பலும் எங்கே போகின்றன என்பதையும் எழுத வேண்டும்.

இரண்டாவது நீர் ஏடு. ஆழ்துளைக் கிணற்றில் ஒரு மீட்டர் பொருத்தினால் எடுத்த நீர் தெரியும். நெல் ஊறிய நீர் நாற்றமெடுத்து ஓடையை அடைகிறதா, தொட்டியில் தெளிகிறதா என்பதே உண்மையான கேள்வி.

மூன்றாவது மனிதர் ஏடு. இதுவே நான்கிலும் கனமானது. பெயர், வயதுச் சான்று, கூலி, வேலை நேரம், முன்பணம், விபத்து ஆகியவை ஒப்பந்தத் தொழிலாளருக்கும் சேர்த்தே எழுதப்பட வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிசெய்யும் இடத்தில் பெண்களின் புகாரைக் கேட்க உட்குழு ஒன்று இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். முன்பணத்தைப் பற்றி இம்மாவட்டம் அறியாததில்லை. கல்வராயன் மலையில் ஜாகீர்தாரர் ஆதிக்கம் முடிவுக்கு வந்தது 1976இல். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில். மலையிலிருந்து கூலிக்கு இறங்கி வரும் குடும்பம் வாங்கிய கடன், அதன் காலைக் கட்டும் கயிறாகிவிடக் கூடாது. எவ்வளவு கொடுக்கப்பட்டது, எவ்வளவு கழிந்தது, எப்போது வேண்டுமானாலும் அவர் விலகலாமா என்பவை அவர் அறிந்த மொழியில் எழுதப்பட வேண்டும்.

நான்காவது கொள்முதல் ஏடு. நெல், சாக்கு, விறகு, வண்டி யாவும் யாரிடமிருந்து வந்தன என்பதற்கான குறிப்பு. இதில் முழுமை உடனே வாராது. பெரும்பங்கு சரக்கு தருவோரிலிருந்து தொடங்கினால் போதும்.

எழுதாது விட்ட கணக்கு என்னவாகும் என்பதற்குத் திருப்பூர் சாட்சி. நொய்யலாற்றில் பாசனத்திற்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. கீழ்நிலை உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத முறைக்கு மாறிய பின்னரே ஆலைகள் மீண்டும் இயங்க முடிந்தது. ஆண்டுதோறும் ஆற்றின் மீது ஏற்றிவைத்த செலவு, ஒரே நாளில் ஆலையின் வாசலுக்குத் திரும்பி வந்தது.

வினாப்பட்டியல் கையில் வரும்போது ஒரு சோதனையும் உடன் வரும். ‘ஒப்பந்தத் தொழிலாளர் இல்லை, முன்பணம் இல்லை, கழிவு இல்லை’ என்று எல்லாக் கட்டங்களிலும் எழுதிவிட்டால் ஆர்டர் கிடைத்துவிடும் என்ற ஆசையே அது. அதைச் செய்துதரத் தரகரும் கிடைப்பர். ஆனால் வாய்மை விரதத்தின் பொய் ஆவணக் குற்றம் அங்கேயே நிகழ்ந்துவிடுகிறது; உடன்பட்ட கணக்கரும் அதில் பங்காளி. தணிக்கையில் அது வெளிப்பட்டால் வாணிபமும் போகும், பெயரும் போகும்.

மெய்யை எழுதுவோர்க்கு ஓர் ஆறுதல் உண்டு. குறை தெரிந்தவுடன் சிறு வணிகரைக் கைவிடுவது முறையன்று. திருத்த முயன்று பயனில்லாதபோதே உறவை முறிப்பது இறுதி வழி என்று 2024இல் வந்த ஐரோப்பிய ஆணை கூறியது. சிறு நிறுவனங்களுக்கு வாங்குவோர் உதவ வேண்டும் என்றும் அது கருதுகிறது. ஆகவே, ‘எட்டுப் பேர் முன்பணம் பெற்றுள்ளனர், இத்தனை மாதத்தில் அது கழியும், இனி வழங்கப்படாது’ என்று எழுதும் ஆலைக்காரர், ‘இல்லை’ என்று எழுதியவரைவிட உறுதியான நிலத்தில் நிற்கிறார். சுமை முழுவதையும் கீழே தள்ளி, விலையை மட்டும் குறைத்துக் கேட்கும் பெரிய நிறுவனத்திடம், ‘இச்செலவில் உங்கள் பங்கு எது?’ என்று திருப்பிக் கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

இதே வட்டத்தில் திருநறுங்கொண்டை மலைமேல் அப்பாண்டைநாதர் வீற்றிருக்கிறார். அத்திருக்கோயிலுக்கு வந்த கொடைகளை முன்னோர் கல்லில் வெட்டி வைத்தனர். கொடுத்தது பலர் பார்வையில் இருந்தால் காக்கப்படும் என்பது அவர்கள் கண்ட நெறி. கொடையைக் கல்லில் எழுதிய மரபினர், தீங்கையும் தாளில் எழுதத் தயங்க வேண்டியதில்லை. நாள்தோறும் பிரதிக்கிரமணத்தில் தன் குறையைத் தானே சொல்லித் திருந்தும் குடும்பத்தில், அப்பழக்கம் கடைக் கல்லாப்பெட்டி வரை நீள வேண்டும் என்பது ஒன்றே வேண்டுகோள். அடுத்த விழாவுக்குள் ஒவ்வொரு தொழிலகத்திலும் அந்த மூன்றாவது ஏடேனும் தொடங்கப்படட்டும். அதன் முதல் பக்கத்தில், மிகக் குறைந்த கூலி பெறுபவரின் பெயர் முதலில் எழுதப்படட்டும்.