பலி வேறு, ஈகம் வேறு

(கள்ளக்குறிச்சியில் மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



'தியாகம்' பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் மேடைகளில் ரொம்பவும் புழங்குகிற சொல் இது. சுவரொட்டியில் இருக்கும், வீரவணக்க முழக்கத்தில் இருக்கும், நன்கொடை ரசீதில்கூட இருக்கும். கை மாறிக் கை மாறித் தேய்ந்துபோன காசு மாதிரி ஆகிவிட்டது. அதை ஒருமுறை உரசிப் பார்த்துவிட்டு அப்புறம் செலவு பண்ணுவோம் என்பது என் கருத்து.

கோயிலில் ஆடு வெட்டுகிறார்கள். அதற்குப் பெயர் பலி. கொடுக்கிறவன் ஒருத்தன், சாகிறது இன்னொன்று. ஆட்டை யாரும் கேட்கவில்லை. தியாகம் என்பதைத் தமிழில் ஈகம் என்கிறோம். ஈதல் என்றால் கொடுத்தல். கொடுப்பதற்குக் கையில் ஏதாவது இருக்கவேண்டும். அதைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லவும் வழி இருக்கவேண்டும். 'மாட்டேன்' என்று சொல்ல முடிந்தும் ஒருவர் 'சரி, தருகிறேன்' என்றால் அது ஈகம். மற்றதெல்லாம் பலி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் யாருக்கு லாபம்? அதுதான் இன்றைய கேள்வி.

இந்த ஊரிலிருந்தே தொடங்குவோம். 2024 ஜூன் மாதம், இதே கள்ளக்குறிச்சி நகரத்தில், கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் நம் சனம். தினக்கூலிகள், மூட்டை தூக்குகிறவர்கள், துப்புரவு வேலை பார்த்தவர்கள். 'விஷச் சாராயத்துக்கு இத்தனை பேர் பலி' என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. சரியான சொல்தான். ஆனால் பலி என்றால் பலி கொடுத்தவன் ஒருத்தன் இருக்கவேண்டுமே! அவன் யார் என்று அந்தத் தலைப்பு சொல்லாது. மெத்தனாலைக் கொண்டுவந்தவன், விற்றவன், தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தவன் எல்லாம் அந்த வாக்கியத்திலிருந்து நழுவிப் போய்விட்டார்கள். வழக்கை சிபிஐக்கு மாற்றும்படி 2024 நவம்பரில் உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஊர்க்காரர்கள் என்ன பேசினார்கள்? 'குடிச்சிட்டுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?' நட்ட ஈட்டுத் தொகை கண்ணை உறுத்தியது. அந்த வேலையும் அந்தக் கூலியும் உடம்பை என்ன பண்ணும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மேலே மலையைப் பாருங்கள். கல்வராயன் மலை தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. ஜாகீர்தார்களும் மலையாளிகள்தான், வேறு யாரும் இல்லை. இந்தியா 1947இல் விடுதலை அடைந்தது என்று புத்தகத்தில் படிக்கிறோம். அந்த மலையில் ஜாகீர்தார் ஆட்சி 1976இல்தான் முடிந்தது. அதுவரை வரி கொடுத்தார்கள், கூலி இல்லாமல் உழைப்பும் கொடுத்தார்கள். அதை யாராவது தியாகம் என்று சொல்வோமா? சொல்லமாட்டோம். அது வெட்டி. கருணாபுரம் சாவுக்குப் பிறகு, 2024 ஜூலையில், இந்த மலை மக்களுக்கு அடிப்படை வசதிகள் இல்லாததைப் பற்றி உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. கீழே அத்தனை பேர் செத்த பிறகுதான் மேலே ரோடு இல்லை, ஆஸ்பத்திரி இல்லை என்பது நாட்டுக்குத் தெரிகிறது.

மலையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அக்கா கல்லூரி வரைக்கும் வந்துவிட்டாள், அந்த ஊரில் முதல் ஆள். தம்பி பத்தாவதோடு நின்று, மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போய்விட்டான். ஒரு கூட்டத்தில் 'அக்காவுக்காகத் தம்பி செய்த தியாகம்' என்று ஒருவர் உருகி உருகிப் பேசினார். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து அந்தப் பையனிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவன் சொன்னான்: 'நான் எதையும் வுட்டுக் குடுக்கல சார். ரெண்டு பேரு போவ காசு இல்ல. ஒரு ஆளுதான் போவ முடியும். அக்கா நல்லாப் படிக்கும், அது போச்சி.'

யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியும் நேரத்துக்கு ஒரு பேருந்தும் இருந்திருந்தால் அந்தப் பையன் தியாகி ஆகியிருக்கவே வேண்டாம். அரசாங்கம் வைத்த பற்றாக்குறைக்கு நாம் மாலை போடுகிறோம். பஞ்சத்தில் தாய் பட்டினி கிடந்து பிள்ளைக்குச் சோறு போட்டால் தாயின் பெருமையை மட்டும் பாடிவிட்டு, பஞ்சத்தைக் கேள்வி கேட்காமல் போகிற பழக்கம் நமக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அடுத்தது, தியாகம் என்பது ஆயுதமாகவும் ஆகும். 1932ஐ எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் அரசு தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதியும் மாகாண சபைகளில் 71 இடங்களும் அறிவித்தது. செப்டம்பர் 20ஆம் தேதி எரவாடா சிறையில் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். உயிரைக் கொடுக்கிறேன் என்றவர் அவர். ஆனால் அந்த உயிருக்கான பொறுப்பு யார் தலையில் விழுந்தது? அம்பேத்கர் தலையில். காந்திக்கு ஏதாவது ஆனால் நாடு முழுக்கச் சேரிகளில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். 24ஆம் தேதி புனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். இடங்கள் 148 ஆயின, தனி வாக்காளர் தொகுதி போயிற்று. உண்ணாவிரதம் இருந்தவருக்குத் தியாகி என்ற பெயர். கையில் கிடைத்த உரிமையைத் தன் மக்களின் உயிருக்காக விட்டுக் கொடுத்தவருக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. அதனால் யாராவது தியாகம் என்று சொன்னால் 'விலை யார் கொடுக்கிறார்கள்?' என்று கேளுங்கள். கேட்பது பாவம் இல்லை.

அப்படியென்றால் தியாகமே இல்லையா? இருக்கிறது. அதை எங்கே தேடவேண்டும் என்பதுதான் விஷயம்.

வெண்மணி. 1968 டிசம்பர் 25. குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அந்தச் சாவை அவர்கள் கொடுக்கவில்லை, அவர்களிடமிருந்து பிடுங்கினார்கள். ஆனால் அதற்கு முன்னால் அவர்கள் கொடுத்தது ஒன்று உண்டு. செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்று மிராசுதார்கள் சொன்னபோது முடியாது என்றார்கள். இறக்கியிருந்தால் பிழைத்திருக்கலாம். அந்த 'முடியாது'தான் ஈகம். நெருப்பு, கொலை. நாம் நெருப்பையே பேசிப் பேசி அந்த மறுப்பை மறந்துவிடுகிறோம்.

இம்மானுவேல் சேகரன் ராணுவத்தில் இருந்தவர். சம்பளம், சீருடை, மரியாதை எல்லாம் இருந்தது. அதை விட்டுவிட்டு முகவை மாவட்டத்துக்கு வந்து தீண்டாமைக்கு எதிராக ஊர் ஊராக அலைந்தார். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள். வயது 32. நாம் செப்டம்பர் 11ஐ நினைவில் வைத்திருக்கிறோம். சரிதான். ஆனால் அவர் கொடுத்தது அந்த ஒரு நாள் இல்லை. அதற்கு முன்னால் நடந்து தேய்த்த வருஷங்கள்.

மேலவளவு முருகேசனும் அப்படித்தான். 1996இல் ஊராட்சித் தலைவர் பதவியைத் தனித்தொகுதி ஆக்கினார்கள். மனு போட்டால் நடப்பதே வேறு என்று மிரட்டல். முதலில் மனு போட்டவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடுத்த முறை வாக்குப்பெட்டியையே தூக்கிக்கொண்டு போனார்கள். அப்படியும் அவர் நின்றார், வென்றார். 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து திரும்பும் பேருந்தை மறித்து, அவரையும் துணைத் தலைவர் மூக்கனையும் சேர்த்து ஆறு பேரைக் கொன்றார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2008இலும் 2019இலும் அவர்களை முன்கூட்டியே விடுதலை செய்தார்கள். முருகேசன் கொடுத்தது ஒரு கையெழுத்து, வேட்புமனுவில் போட்ட கையெழுத்து. அதன் விலை என்ன என்று தெரிந்தே போட்டார்.

இப்போது நம் பக்கத்து மலைக்கு வருவோம். சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று நுழைந்து ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்களை வன்புணர்ச்சி செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு 2011 செப்டம்பர் 29இல் வந்தது. அதற்குள் 54 பேர் செத்துப்போனார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023 செப்டம்பர் 29இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருஷம்! எத்தனை வாய்தா, எத்தனை நாள் கூலி போயிருக்கும், தனக்கு நடந்ததை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்? காசு வாங்கிக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. தியாகம் என்ற சொல்லுக்கு எனக்கு ஒரு முகம் வேண்டுமென்றால், கோர்ட் வராந்தாவில் டிபன் டப்பாவோடு காத்திருக்கும் அந்தப் பெண்களின் முகம்தான். அவர்களுக்குச் சுவரொட்டி கிடையாது.

நம் வீட்டுக்குள்ளும் பார்க்கவேண்டும். 'தோழர் தன் குடும்பத்தையே இயக்கத்துக்குக் கொடுத்தார்' என்று மேடையில் சொல்கிறோம். குடும்பத்தைக் கேட்டாரா? ரேசன் கடையில் நின்றது யார்? வழக்கு வந்தபோது தாலியை அடகு வைத்தது யார்? ரமாபாய் அம்பேத்கர் பெற்ற ஐந்து பிள்ளைகளில் நான்கு பேரை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, வறுமையில் குடும்பத்தைத் தாங்கி, 1935 மே 27இல் இறந்தார். பாபாசாகேப் அதை உணர்ந்தவர். பாகிஸ்தான் பற்றிய தன் நூலை அவருக்குத்தான் காணிக்கை ஆக்கினார். நம்மில் எத்தனை பேர் அந்தக் கடனை வாய்விட்டாவது சொல்லியிருக்கிறோம்? மனைவியின் உழைப்பைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு அதைத் தன் தியாகக் கணக்கில் எழுதிக்கொள்வதும் ஜாகீர்தார் வேலைதான்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஐதராபாத்தில் ரோகித் வெமுலா 2016 ஜனவரியில் போனார். அரியலூர் அனிதா 2017 செப்டம்பரில் போனார். அந்தச் சாவுகளைத் தியாகம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கதவைச் சாத்தியவர்கள் கொடுத்த பலி அது. உங்களில் யாருக்காவது இருட்டாக இருந்தால் பக்கத்தில் இருக்கிற தோழரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், ராத்திரி எத்தனை மணி ஆனாலும் கதவைத் தட்டுங்கள். இந்த இயக்கத்துக்கு உங்க உசிரு வேணாம். ஆயுசு வேணும். வக்கீலாக, நர்சாக, வாத்தியாராக நாற்பது வருஷம் வேணும்.

கடைசியாக, இயக்கம் என்ன செய்யவேண்டும்? எத்தனை தியாகிகளைக் கொடுத்தோம் என்பதில் பெருமை தேடுகிற இயக்கத்துக்கு மேலும் மேலும் பிணங்கள் தேவைப்படும். ஒருத்தர் தலையில் விழுகிற சுமையைப் பத்துப் பேர் தோளில் பிரித்துப் போடுகிற இயக்கம்தான் நமக்கு வேண்டும். வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல வருகிறவருக்குப் பயணப்படியும் தினப்படியும் தரவேண்டும் என்று 1995 விதிகளில் 11ஆம் விதி சொல்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிற 15அ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பைச் சட்டப்படி உரிமையாக்கியிருக்கிறது. இதை வாங்கிக் கொடுத்தாலே பாதிச் சாட்சிகள் பிறழமாட்டார்கள் என்பது என் அனுபவம்.

அதனால் இந்த அரங்கை விட்டுப் போகுமுன் மூன்று வேலைக்குப் பெயர் கொடுங்கள். மலையிலிருந்து வாய்தாவுக்கு வருகிற சாட்சியோடு கோர்ட்டுக்குப் போக மாதம் ஒரு நாள். கருணாபுரத்தில் அப்பா அம்மாவை இழந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வாரம் இரண்டு மாலை. விதி 11 மனுவை எழுதிக் கலெக்டர் ஆபீசில் கொடுத்து, பதில் வரும்வரை விடாமல் அலைய ஒரு ஆள். யாரும் உங்களுக்கு மாலை போடமாட்டார்கள். பேப்பரில் பெயர் வராது. 'என்னால முடியாது' என்று சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமை இருப்பதால்தான் நீங்கள் கொடுக்கிற அந்த ஒரு நாளுக்கு ஈகம் என்று பெயர்.

நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. ஜெய்பீம்.