ஓட்டத் தெரியும்... நிறுத்தத் தெரியுமா?



‘பிளஸ் டூ படிக்கிற பையனுக்கு வேகமான மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுப்பது ஊக்கமா, ஆபத்தா?’ இதுதான் தலைப்பு. ஊக்கமே என்று பேசிய தம்பி ஒன்று சொன்னார். ‘அப்பாவை விடப் பையன்தான் நல்லா வண்டி ஓட்டுவான்’ என்றார். நான் மறுக்கவே மாட்டேன். எங்க வீட்டிலேயும் அப்படித்தான். நான் ஸ்கூட்டரை உதைச்சுக் கிளப்பறதுக்குள்ளே, என் பையன் சைக்கிள்லயே போய்ப் பால் வாங்கிட்டு வந்துடுவான். (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, ஓட்டத் தெரிவது வேறு. நிறுத்தத் தெரிவது வேறு.

பாரதத்திலே அபிமன்யுவுக்கு வயது 16. வீரத்திலே குறையா? வில் பிடிக்கத் தெரியாதா? சக்கர வியூகத்துக்குள்ளே புகத் தெரியும். வெளியே வரத் தெரியாது. அதை அவனே பெரியப்பா தருமரிடம் சொன்னான். தருமர் என்ன சொன்னார்? ‘நீ வழியைத் திறந்து விடு, நாங்க பின்னாலேயே வர்றோம்’ என்றார். போனாங்களா? ஜயத்ரதன் வாசலிலேயே மறித்துவிட்டான். உள்ளே போனது பிள்ளை மட்டும்தான். நான் அபிமன்யுவைக் குற்றம் சொல்ல மாட்டேன். ‘எனக்குத் தெரியாது’ன்னு வாய்விட்டுச் சொன்ன பிள்ளையை அனுப்பி வச்சது யாரு? (கைதட்டல்)

நம்ம பையனுக்கும் முறுக்கத் தெரியும். அது உள்ளே புகுவது. வளைவிலே மணல் கிடக்கு, குறுக்கே ஆடு ஓடுது, முன்னாலே போன பஸ் பட்டுன்னு நிக்குது. அதிலிருந்து மீள்வதுதான் வெளியே வருவது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ‘ஐயோ’ன்னு நினைச்சு பிரேக்கில் கால் வைக்கிறதுக்குள்ளே 16 மீட்டர்! வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நான்கு மடங்காகும். இது பௌதிகம். ‘செல்லப் பிள்ளை’ன்னு சொன்னா அது சலுகை தராது.

சாதாரண 100 சி.சி. வண்டிக்குச் சுமார் 8 குதிரைத் திறன். பையன் கேட்கிற 200 சி.சி. வண்டிக்கு 25-ஐத் தொடும். கிராமத்திலே புதுக் காளையைப் பழக்கணும்னா, பழகின மாட்டோட ஜோடி சேர்த்து நுகத்தடியில் பூட்டுவாங்க. ஏர் பிடிக்கப் பழகும் பையனுக்கும் பழகின மாட்டைத்தான் கொடுப்பாங்க. பழகாத பையன் கையிலே பழகாத காளையைக் கொடுக்கிற அப்பனை நான் பார்த்ததில்லை. 25 குதிரையைக் கொடுக்கிற அப்பாவைத்தான் இப்போ பார்க்கிறேன்! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி அம்மையார் அமெரிக்காவுக்குப் போனார். ‘அங்கே சின்னப் பசங்க நாலு சக்கர மோட்டார் பைக்கிலே மணல்மேட்டில் பறக்கிறாங்களே’ன்னு கேட்டார். அம்மா, அதே அமெரிக்காவில் அரசு நீதிமன்றம் போனது. 1988-இல் அந்த வகை வண்டி தயாரித்த நிறுவனங்கள், 90 சி.சி.க்கு மேற்பட்டது 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அல்ல என்று ஒப்புக்கொண்டன. அதே 1988-இல்தான் நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டமும் வந்தது. 16 வயதில் 50 சி.சி. வரைதான், அதற்கு மேல் 18 ஆக வேண்டும். 2019-இல் திருத்தம் வந்தது. சிறுவன் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சட்டமும் முதலில் அப்பாவைத்தான் கேட்கிறது!

‘டியூஷன் தூரமா இருக்கே’ன்னா, அதில் நியாயம் இருக்கு. பஸ் பாஸ் இருக்கு, பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்கிற சைக்கிள் இருக்கு. கொஞ்சம் லேட்டாகும். ஆகட்டுமே!

என் வகுப்பிலே முதலாண்டு மாணவன் ஒருவன். வருகைப் பதிவு எடுக்கும்போது எழுந்து நின்று ‘உள்ளேன் ஐயா’ என்பான். கணீரென்ற குரல். ஒருநாள் அந்த எண்ணுக்குக் குரல் வரவில்லை. நாலு மாதம் வரவில்லை. பிறகு ஒருநாள், கைத்தடி ஊன்றி வந்தான். புத்தகப் பையை அப்பா தூக்கி வந்தார். பெயர் கூப்பிட்டேன். எழுந்திருக்க முயன்றான், முடியவில்லை. உட்கார்ந்தபடியே ‘உள்ளேன் ஐயா’ என்றான். (அமைதி)

வாசலில் நின்ற அப்பா சொன்னார்: ‘சார், ஏன்டா வேகமாப் போனேன்னு எல்லாரும் அவனைத் திட்டறாங்க. அவன் கேட்டான், நான் யோசிக்காம வாங்கிக் கொடுத்தேன். சாவி கொடுத்த என்னை ஒருத்தர்கூடத் திட்டலை சார்.’

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். என் பையன் பைக் விளம்பரத்தைக் கத்தரித்து மேசையில் வைத்திருந்தான். ‘18 முடியட்டும், லைசென்ஸ் வாங்கு. முதல் ஆறு மாசம் 100 சி.சி. வண்டி, பின்சீட்டில் நான். அப்புறம் பேசலாம்’ என்றேன். 15 நாள் அவன் என்னோடு பேசவில்லை. அவன் அம்மாவும் பேசவில்லை! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, பிள்ளை 15 நாள் பேசாமல் இருந்தால் ஒரு தகப்பனால் தாங்க முடியும். பிள்ளை பேசவே முடியாமல் போனால் தாங்க முடியாது. பிள்ளை தயாரா என்று கேட்காதீர்கள். ‘இல்லை’ என்று சொல்ல நாம் தயாரா என்று கேளுங்கள்.

ஆபத்தே என்று கூறி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)